நீர்க்கடுப்புக்கு புரோபயாடிக்: 14 மாதம் சாப்பிட்ட பிறகு

"எனக்கும் அடிக்கடி நீர்க்கடுப்பு வருது, நீ சாப்பிடுற கேப்சூலை நானும் வாங்கவா?" என்று தோழி கேட்டாள். போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை.

கேப்சூல் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடம் எனக்கு நீர்க்கடுப்பு, அதாவது சிறுநீர்த் தொற்று, நாலு தடவை வந்தது. யூரின் கல்ச்சரில் எப்போதும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, எப்போதும் ஆன்டிபயாடிக். நாலாவது ரிப்போர்ட்டில், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துக்கு நேரே 'ரெசிஸ்டன்ட்' என்று இருந்தது. அந்த மருந்து இனி எடுபடாது. அந்தப் பயத்தில் ஆரம்பித்ததுதான் புரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய கேப்சூல். இந்த 14 மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. மனசாரச் சொல்கிறேன், பெரிய நிம்மதி.

ஆனால் லேபிளை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. முதலில் வாங்கிய புட்டியின் முன்பக்கம் '5000 கோடி உயிருள்ள பாக்டீரியா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'லாக்டோபேசில்லஸ் கலவை', அவ்வளவுதான். எந்த ரகம்? தெரியாது. அந்த 5000 கோடியும் தயாரித்த அன்றைய கணக்கு. நான் விழுங்கும் நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதற்குப் பதில் இல்லை. லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகையில் ஒரு ரகம் செய்வதை இன்னொன்று செய்யும் என்று சொல்ல முடியாது. சிறுநீர்த் தொற்றுக்கென்று சோதித்துப் பார்த்தவை ஜிஆர்-1, ஆர்சி-14 மாதிரி சில ரகங்கள்தான். இது தெரியாமல் மூன்று மாதம் வீணாய்ப் போனது. அப்புறம்தான் அந்த இரண்டின் பெயரும் போட்ட புட்டிக்கு மாறினேன்.

அந்த ரகங்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. மாதவிடாய் நின்ற 252 பெண்கள், 12 மாதம். தினமும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 2.9 தடவை தொற்று, கேப்சூல்காரர்களுக்கு 3.3. மருந்துதான் கொஞ்சம் மேல். ஆனால் மருந்து சாப்பிட்டவர்களிடம் ஒரே மாதத்தில் ரெசிஸ்டன்ஸ் எகிறியது, கேப்சூல் தரப்பில் அப்படி ஏறவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே சமயத்தில்தான் தண்ணீரும் அதிகம் குடிக்க ஆரம்பித்தேன். வழக்கத்தைவிட 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்த பெண்களுக்கு வருடத்துக்கு 1.7 தடவையும், குடிக்காதவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வந்தது. என்னைக் காப்பாற்றியது கேப்சூலா, தண்ணீரா? பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அதனால் அவளிடம், "இப்போ வாங்காதே, முதல்ல தண்ணியைக் கூட்டு. காய்ச்சலோ இடுப்புக்கு மேலே முதுகுவலியோ வந்தா உடனே டாக்டர்கிட்ட போ" என்றேன். நான் நிறுத்தப் போவதில்லை. அந்த ரிப்போர்ட் இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. அடுத்த புட்டியை நேற்றே ஆர்டர் செய்துவிட்டேன்.