நான் எங்கே போனேன் என்று பெரியப்பாவுக்கு லிங்க் அனுப்பிய கார் கம்பெனி

மயிலாடுதுறையில் என் சித்தி மகள் வீட்டு வாசலில் கார் இரண்டு மணி நேரம் நின்றது. நான் காரைக்கால் திரும்புவதற்குள் அது பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னவர்கள் வாடகைக்குக் கார் கொடுத்தவர்கள்.

முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் ஸ்டாண்டில் சொல்லி டிரைவரோடு அம்பாசடர் எடுப்போமே, இந்த முறை அப்படி இல்லாமல் சென்னையில் நாமே ஓட்டுகிற கார் எடுத்தேன், கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்டிருக்குமே அது. லைசென்ஸ், டெபாசிட் எல்லாம் போக உள்ளூரில் ஒருவர் பெயரும் நம்பரும் கேட்டார்கள். பெரியப்பா நம்பரைக் கொடுத்தேன், வேறு யாருடையதைக் கொடுப்பது?

சித்தி மகள் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவள். வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை, இருக்கும் இடத்தைச் சொந்தக்காரர் யாருக்கும் சொல்லாமல்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள். பாரிஸில் இருக்கும் என்னோடு மட்டும் வாட்ஸ்அப்பில் பேசுவாள். அவள் குழந்தையை முதல்முறை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கார் ஆபீசிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், போன் சைலண்டில் இருந்தது. உடனே பெரியப்பாவை அழைத்து, "வண்டி மயிலாடுதுறைல ஒரு தெருவுல ரொம்ப நேரமா நிக்குது சார், ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று கேட்டதோடு, அவர் "எந்தத் தெரு?" என்றதும் மேப் லிங்கையும் அனுப்பிவிட்டார்கள்.

"அவ இப்ப அங்கதான் இருக்காளா?" வாசலிலேயே பெரியப்பா கேட்டது இதுதான். நான் பதில் சொல்லவில்லை. அன்று இரவே தங்கைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவளும் கணவரும் இப்போது வேறு வீடு பார்க்கிறார்கள். நம் ஊரில் இப்படிக் கல்யாணம் செய்தவர்களுக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவள் பயப்படுவதைப் பெரிதுபடுத்துகிறாள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டால், "உங்க சேஃப்டிக்குத்தான் மேடம், கவர்மென்ட்டே ஜிபிஎஸ் போடச் சொல்லியிருக்கு" என்கிறார்கள். 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய டாக்ஸி, பஸ்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்தில் அழுத்தும் பொத்தானும் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, உண்மைதான். அது வண்டியில் இருப்பவரைக் காப்பாற்ற வந்தது, அவர் எங்கே இருக்கிறார் என்று சொந்தக்காரருக்குச் சொல்ல வந்ததில்லை. எடுத்த காரை அடகு வைத்துவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், முதலாளி பயப்படுவதும் எனக்குப் புரிகிறது. ஆனால் சிகரெட் பிடித்தால் எவ்வளவு, டயர் கிழிந்தால் எவ்வளவு என்று வரி வரியாக அச்சடித்த ஒப்பந்தத்தில் இந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே!

பிரான்சில் மட்டும் எல்லாக் கம்பெனியும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. உபீக்கோ என்ற கார் வாடகை நிறுவனம் வண்டி ஓடும்போது 500 மீட்டருக்கு ஒருமுறை இருப்பிடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது, வாடிக்கையாளர் கடைசியாகப் பயன்படுத்திய பிறகும் 3 வருடம் அதை வைத்திருந்தது. அங்கே தரவுப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து 2022 ஜூலையில் 1,75,000 யூரோ அபராதம் போட்டது. திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் என்று கம்பெனி சொன்னதை ஆணையம் ஏற்கவில்லை, அதற்காக எந்நேரமும் எல்லாரையும் பின்தொடரத் தேவையில்லை என்றது. கேட்க ஒரு இடம் இருக்கிறது, அந்த வித்தியாசம்தான் எனக்கு இங்கே வந்தால் உறைக்கிறது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இலேயே சொல்லிவிட்டார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. விதிகள் வெளியானதோ 2025 நவம்பரில்தான், கம்பெனிகள் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம். அதுவரை தங்கை என்ன செய்வாள்?

"டிரைவர் வைத்தால் மட்டும் தெரியாதா?" என்று அக்கா கேட்டாள். தெரியும். ஆனால் எங்கள் பழைய டிரைவர் அண்ணன் நாங்கள் எந்த வீட்டுக்குப் போனோம், எந்த டாக்டரைப் பார்த்தோம் என்று எல்லாம் அறிந்தவர், ஒருநாளும் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது, பதிவைக் கேட்டதும் கார் ஆபீஸ் பையன் தன் சொந்தப் போனிலேயே எடுத்துக் காட்டினான். சென்னையிலிருந்து காரைக்கால் வரை ஒரு கோடு, நின்ற இடமெல்லாம் புள்ளி, எப்போது எஞ்சின் அணைந்தது, எவ்வளவு வேகம் எல்லாம் இருந்தது. மயிலாடுதுறையை அழிக்கச் சொன்னேன். "அது சர்வர்ல இருக்கு மேடம், எங்களால தொட முடியாது" என்றான். ஆபீசுக்கு மின்னஞ்சல் எழுதி, லிங்க் அனுப்பியது யார், பதிவை எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இனி அங்கே கார் எடுப்பவர்கள் உள்ளூர் நம்பர் கொடுக்கும்போது, வண்டி இருக்கும் இடத்தை இவரிடம் சொல்லக் கூடாது என்று ஃபாரத்திலேயே எழுதி, அதன் கீழ் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.