“பின்னாலேயே வண்டி வரும்” என்று சொல்லி 23,800 ரூபாய் வாங்கியவர்கள்

சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் டென்ட் போட்டுத் தங்கும் குழுப் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என் அக்கா மகனுக்கும் சேர்த்து 23,800 ரூபாய் போயிருக்கிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சாகசப் பயணங்களுக்கு முன்பதிவு செய்து தரும் ஒரு ஆன்லைன் தளத்தில்தான் இதைப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் கிளம்பி, கே.ஆர்.பி. அணை, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம் வழியாகத் தருமபுரியில் முடியும் 4 நாள் பயணம். மூட்டை முடிச்செல்லாம் பிக்கப் வண்டியில் வரும். கடைசி ஆளுக்குப் பின்னால் மெக்கானிக் வருவார். சாப்பாடு, தண்ணீர், டென்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்காகத்தான் ஒருவருக்கு 11,900 ரூபாய். வெறுமனே மிதித்துப் போவதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லையே.

பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் போனில் தெளிவாகக் கேட்டேன். அஞ்செட்டிப் பக்கம் யானை நடமாடும் காடு, காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வேறு இருக்கிறது, அங்கே டென்ட் போட விடுவார்களா என்று. “அண்ணா, வனத்துறை லெட்டர் கையிலயே இருக்கு, பயப்படாதீங்க” என்றார். உடனே வீடியோ காலுக்கு மாறி, வண்டி, டூல் பாக்ஸ், காற்றுப் பம்பு, கேஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பையனை அனுப்ப மனமில்லாமல் பக்கத்தில் நின்ற என் அக்காவிடம், “அக்கா, தம்பிய என் கண்ணு முன்னாடியே கூட்டிட்டுப் போறேன், பின்னாலேயே வண்டி வரும்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அக்கா சரி என்றாள். அந்த நிமிடமே 23,800 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

முதல் ராத்திரி அணைக்கு அருகே ஒரு மாந்தோப்பில் டென்ட் போட வைத்தார்கள். தோப்புக்காரர் டார்ச்சோடு வந்து, “யாரைக் கேட்டு இங்க படுத்தீங்க?” என்றார். யாரும் அவரிடம் கேட்கவே இல்லை! பெண்களும் பையனும் இருப்பதைப் பார்த்துவிட்டு, விடியும் வரை இருந்துகொள்ளச் சொன்னார் அந்த நல்ல மனிதர்.

மறுநாள் ராயக்கோட்டை ஏற்றத்தில் ஓசூரிலிருந்து வந்த ஒரு அக்காவின் செயின் அறுந்தது. மெக்கானிக் என்று ஒருவர் வரவே இல்லை. வண்டி ‘முன்னாடி போயிருக்கு’ என்றார்கள். வெயிலில் அந்த அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். கடைசியில் பக்கத்து ஊர் பஞ்சர் கடைக்காரர்தான் செயினைச் சேர்த்துக் கொடுத்தார்.

அஞ்செட்டியைத் தாண்டும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வனத்துறையினர் நிறுத்தி அனுமதிக் கடிதம் கேட்டார்கள். நடத்துபவரின் போன் எடுக்கப்படவே இல்லை. அவர்கள் எங்களைத் திருப்பி அனுப்பியதுதான் சரி. கேழ்வரகு அறுப்புக் காலத்தில் யானை வயலுக்கு இறங்கும் பக்கம் அது. அங்கே டென்டுக்குள் இந்தப் பையனைப் படுக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. எங்கள் டென்ட், போர்வை, மாற்றுத் துணி எல்லாமே காணாமல் போன வண்டிக்குள். அஞ்செட்டியில் ஒரு டீக்கடைக்கார அம்மா கடைத் திண்ணையில் இடம் கொடுத்து ரசம் சோறும் போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒகேனக்கல் பார்க்காமலேயே மறுநாள் ஒரு டெம்போ பிடித்து ஊர் திரும்பினோம். அந்த வாடகையும் எங்கள் கைக்காசு.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. நடத்துபவர் முதலில் “செவ்வாய்க்கிழமை போட்டு விடறேன் அண்ணா” என்றார். செவ்வாய் போனதும் “வண்டிக்காரர் ஏமாத்திட்டார்” என்றார். அடுத்து, “வனத்துறை தடுத்தது எங்க கையில இல்ல.” இல்லாத லெட்டரைக் கையிலேயே வைத்திருப்பதாகச் சொன்ன அதே வாய்! இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். முன்பதிவுத் தளமோ, தாங்கள் வெறும் இடைத்தரகர் என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்பிவிட்டுப் புகாரை மூடிவிட்டது. 23,800 ரூபாய் வாங்கும்போது இடைத்தரகர் என்று யாரும் சொல்லவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. காட்டு வழி என்றால் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் தராதீர்கள். வண்டி ஓட்டுநர் எண்ணைத் தனியாக வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். டென்டும் போர்வையும் உங்கள் சைக்கிளிலேயே இருக்கட்டும். புகார் சொல்லப் போன் எண்கள்: சேவைக் குறைபாட்டுக்கு 1915, ஆன்லைன் பண மோசடிக்கு 1930.

திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பயணத்தில் கூட வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். சேர்ந்தே மனு கொடுக்கலாம்.