ரீச்சருக்கு ஒரு கல்வெட்டு: அச்சகத்தை எதுவரை நம்பலாம்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் கையில் கொடுக்க நினைவு மலர் வேண்டும். ஊர்வழக்கில் அது கல்வெட்டு. தட்டெழுத்து, வடிவமைப்பு, அச்சு, கட்டு எல்லாவற்றையும் ஒரே பொறுப்பாக எடுத்துச் செய்யும் அச்சகங்கள் உண்டு. அப்படி ஓர் அச்சகம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குச் செய்த 48 பக்க மலர் பற்றியது இது.

அச்சு வேலை நல்லது. மட்டை 250 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு), உள்தாள் 80 ஜிஎஸ்எம், நடு மடிப்பில் இரண்டு கம்பிப் பின். மடிப்பில் மை வெடிக்கவில்லை. பின் அடிக்கும் மலரில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும். குறைந்தால் அச்சகம் தன்னிடம் இருப்பதைப் போட்டு நிரப்பும். பின்மட்டைக்குக் கீதாசாரம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். (அந்த வசனங்கள் அப்படியே கீதையில் இல்லை என்பது வேறு கதை.)

பாடல் தெரிவுக்கு முழுப் புள்ளி. பஞ்சபுராணமும் சிவபுராணமும் எல்லா மலரிலும் இருக்கும். இதில் சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாடல்களும் இருக்கின்றன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பாடவைத்த ரீச்சருக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் எழுத்தின் அளவு 11 பொயின்ற்தான். சாமியறையில் வைத்துப் படிக்கப்போவது வயதானவர்கள். 14 கேளுங்கள்.

சறுக்கியது வாழ்க்கை வரலாற்றில். புலம்பல் ஆறு பக்கம், வரலாறு ஒன்றரைப் பக்கம். "அன்னார் இல்லறத்தை நல்லறமாக நடத்தி" என்று தொடங்கும் அந்த அச்சு வார்ப்பில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். எந்த ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி, கோப்பாயா பலாலியா? எந்தப் பாடம், எந்த ஆண்டு எந்தப் பள்ளி? ஒன்றும் இல்லை. இதை அச்சகம் தேடாது, வீட்டார்தான் கொடுக்கவேண்டும். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், ஓய்வூதியக் கோப்பு மூன்றும் இருந்தால் போதும். 1995 ஒக்ரோபர் போர்க்கால இடப்பெயர்வில் அவை போயிருந்தால் படிப்பித்த பள்ளிகளின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். மலரின் உயிர் 31ஆம் பக்கம்: ரீச்சரின் பாடக்குறிப்புக் கொப்பியில் ஒரு தாள், ஓரத்தில் அதிபரின் சிவப்பு ஒப்பம், மேல் மூலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. வீட்டார் ஸ்கான் செய்து கொடுத்தது.

இறந்த வருடம், மாதம், திதியைச் சொல்லும் திதி வெண்பாவையும் அச்சகத்திடம் விடவேண்டாம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களும் சில நாட்களில் திதியில் முரண்படும்; திவசம் எந்தப் பஞ்சாங்கப்படி என்று வீட்டு ஐயரிடம் முதலில் கேளுங்கள். வருடப் பெயரையும் பாருங்கள்: தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும், அதனால் 2025 ஏப்ரல் முற்பகுதி குரோதி வருடப் பங்குனிதான், அடுத்த வருடமான விசுவாவசு அல்ல. வருடம் மாறியபின் இறந்தவருக்கும், வேறொருவருக்கு எழுதிய பழைய வெண்பாவில் குரோதியை எடுத்துவிட்டு விசுவாவசுவைச் செருகினால் யாப்பு உடையும்: குரோதி புளிமா என்ற ஈரசைச் சீர், விசுவாவசு நிரையில் முடியும் மூவசைக் கனிச்சீர், வெண்பாவுக்கு ஆகாது. சொல்லை இரண்டு சீராகப் பிரித்துத்தான் வைக்கவேண்டும்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். 5 அங்குல அகலப் படத்துக்கு 1500 பிக்சல் வேண்டும். இந்த மலரின் திருமணப் படம் மங்கியதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றும்போது "கௌரி" பல தடவை "கெளரி" (ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ள எழுத்தும்) ஆகிவிடும். தாளில் கண்ணுக்குத் தெரியாது, பிடிஎஃபில் பெயரைத் தேடினால் அகப்படாது. வம்சாவழிப் பக்கத்தைக் குடும்பத்தில் இரண்டுபேர் தனித்தனியே ஒப்புநோக்குவது நல்லது. இதில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டிருக்கிறது. எல்லாவற்றையும் 18ஆம் நாளுக்குள் கொடுத்தால்தான் இரண்டு தடவை திருத்த நேரம் கிடைக்கும்.

பிடிஎஃபைக் கேட்காமல் தரமாட்டார்கள். கேட்டு வாங்கி, 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற இணைய ஆவணகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். நினைவு மலர்களுக்கு அங்கே தனிப் பகுதியே இருக்கிறது.