மிண்டா, உபுண்டுவா, சோரினா? பழைய மடிக்கணினிக்கு எது சரி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் 4 ஜிபி ராமோடு ஓடும் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் குறையவும் கூடாது. புதிது வாங்க வெள்ளி இல்லை என்றால், விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் வழி. மிண்ட், உபுண்டு, சோரின் மூன்றும் அதன் வகைகள்.

கணினியே புதிது என்பவருக்கு என் முதல் தேர்வு லினக்ஸ் மிண்ட். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரமும் வைஃபையும். பேரன் போனில் "கீழ இருக்கிற பட்டனை அமுக்குங்க தாத்தா" என்று சொன்னால் போதும். மிண்டின் சினமன் பதிப்பு கனமாகத் தெரிந்தால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவி கூடவே வருகிறது. அதை முன்கூட்டியே அமைத்து வைத்தால், ஒரு அப்டேட் சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் இல்லாத வீட்டுக்கு இதுவே பெரிய தைரியம்.

உபுண்டு 24.04 நல்லதுதான், 2029 வரை ஆதரவும் உண்டு. ஆனால் இடது ஓரத்துப் பட்டையும் திரை முழுக்க விரியும் செயலிப் பட்டியலும் புதியவரைக் குழப்பும். 4 ஜிபியில் மூச்சும் வாங்கும். நிரலாக்கம் படிக்கப் போகும் பிள்ளைக்கு வேண்டுமானால் கொடுக்கலாம்.

அலுவலகத்தில் விண்டோஸ் பழகியவருக்குச் சோரின் பிடிக்கும். விண்டோஸ் செயலிக்கான எக்ஸ்இ (.exe) கோப்பைத் திறந்தால் சும்மா விழிக்காமல் வழிகாட்டும். விலை கொடுத்து வாங்கும் புரோ பதிப்பு தேவையே இல்லை.

தமிழில் தட்டுவதில் மூன்றும் ஒரே ரகம்தான்: எழுத்து நன்றாகத் தெரியும், ஆனால் தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டும் தேவை; இல்லாததை நிறுவிக்கொள்ள வேண்டும். முரசு அஞ்சலில் ரோமன் எழுத்தால் தட்டிப் பழகிய கை கொஞ்சம் தடுமாறும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் லதா எழுத்துருவில் அனுப்பும் வேர்ட் கோப்பு லினக்ஸில் வேர்டுக்குப் பதில் உதவும் லிப்ரே ஆஃபிஸில் வரி கலைந்து வரலாம். பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லிவிடுங்கள். வருமான வரி இ-ஃபைலிங் எல்லாம் பிரௌசரிலேயே நடக்கும்.

எதையும் அழிப்பதற்கு முன் லினக்ஸை ஏற்றிய யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.