அணைத்துப் போட்டால் கரண்ட் கூடுமா? வீட்டு மின்சாரத்தில் எது உண்மையில் மிச்சம்

ஏ.சி.யை அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், பேசாமல் ஓடவே விடலாம் என்று நம்புபவர்கள் நிறையப் பேர். கீசருக்கும் டியூப் லைட்டுக்கும் இதையே சொல்வார்கள். ஆனால் அதே வீட்டில் போன் சார்ஜரை மட்டும் மறக்காமல் பிடுங்கி வைத்திருப்பார்கள். இந்த இரண்டு பழக்கங்களையும் எண்களில் போட்டுப் பார்த்தால், அக்கறை இடம் மாறி விழுந்திருப்பது தெரியும்.

கணக்கு எளிது. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் யூனிட். வாட்டை மட்டும் பார்ப்பவர்களும் நேரத்தை மட்டும் பார்ப்பவர்களும் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள்.

சார்ஜரா, ஃபேனா?

இப்போதைய தரமான சார்ஜர், போன் மாட்டாதபோது இழுப்பது 0.1 வாட் அளவுதான். வருடம் முழுக்க பிளக்கிலேயே இருந்தாலும் ஒரு யூனிட் தேறாது. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட். எலெக்ட்ரானிக் போர்டால் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். தினமும் 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் நாளுக்கு 0.675 யூனிட், வருடத்துக்கு ஏறக்குறைய 246 யூனிட் மிச்சம். ஒரே ஒரு ஃபேனில் கிடைப்பது இவ்வளவு.

வேகத்தைக் குறைத்தால் மிச்சமா என்பதற்குப் பதில் ரெகுலேட்டரைப் பொறுத்தது. பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டருக்குள் இருப்பது ரெசிஸ்டர் சுருள். ஃபேனுக்குக் குறைத்துக் கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கை அதுவே சூடாக்கி வீணடிக்கிறது. ஒன்றாம் நம்பரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தால் சூடு தெரியும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இந்த இழப்பு மிகக் குறைவு. அதில் வேகத்தைக் குறைப்பது நிஜமான சேமிப்பு. பி.எல்.டி.சி. ஃபேனை மட்டும் எந்த ரெகுலேட்டர் வழியாகவும் கொடுக்கக் கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி சப்ளை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் போர்டு கெட்டுப்போகும்.

இன்னொன்று: ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன், மோட்டார் சூட்டால் அந்த அறையைத் துளி சூடாக்கத்தான் செய்யும்.

ஏ.சி.: அணைப்பதா, ஓடவிடுவதா?

அணைப்பதுதான் மிச்சம். வெளியே 36 டிகிரி, உள்ளே 24 என்றால் அந்த 12 டிகிரி வித்தியாசம்தான் சுவர், ஜன்னல், கூரை வழியாகச் சூட்டை உள்ளே தள்ளுகிறது. ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தால் வித்தியாசம் அப்படியே நிற்கும், சூடும் அதே வேகத்தில் வந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றக் கம்ப்ரசரும் உழைத்துக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் அறை மெல்லச் சூடாகும், வித்தியாசம் சுருங்கும், உள்ளே வரும் சூடும் குறையும். ஆக, திரும்பிவந்து போடும்போது வெளியேற்ற வேண்டிய மொத்தச் சூடு, இடைவிடாமல் ஓட்டியிருந்தால் வெளியேற்றியிருக்க வேண்டியதைவிடக் குறைவு.

"ஸ்டார்ட் ஆகும்போது பாய்ச்சலாக இழுக்குமே?" இழுக்கும். சாதாரண கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் போவது உண்மை. ஆனால் அது ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. 1500 வாட் ஏ.சி. ஆறு மடங்கை ஒரு முழு நொடி இழுத்தது என்றே வைத்துக்கொண்டாலும் 0.0025 யூனிட். ஆறு நொடி சாதாரணமாக ஓடியதற்குச் சமம், அவ்வளவுதான். கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் ஏ.சி.யில் அந்தப் பாய்ச்சலும் இல்லை. பத்து இருபது நிமிடம் வெளியே போய்வர மட்டும் அணைப்பதில் பெரிய லாபம் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் யோசிக்காமல் அணைக்கலாம். அணைத்ததும் உடனே போடாமல் மூன்று நிமிடம் பொறுப்பது நல்லது. உள்ளே வாயு அழுத்தம் சமமாகாமல் கிளம்பினால் கம்ப்ரசருக்குச் சிரமம்.

18-ஆ, 26-ம் ஃபேனுமா?

18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தாலும் 26 வைத்தாலும் வாயிலிருந்து வரும் காற்றின் குளிர்ச்சி ஒன்றுதான். எப்போது நிற்கும் என்பதுதான் மாறுகிறது. இன்வெர்ட்டரில் நஷ்டம் இன்னும் அதிகம். வைத்த டிகிரியை அறை நெருங்கும்போதுதான் அது வேகத்தைக் குறைத்துச் சில நூறு வாட்டில் ஓடத் தொடங்கும். வெயில் நாளில் பல அறைகள் 18-ஐத் தொடவே தொடாது. காசு கொடுத்து இன்வெர்ட்டர் வாங்கிவிட்டு, அதை மிச்சம் பிடிக்கவே விடாமல் முழு வேகத்தில் துரத்துகிறோம். அறைக்குச் சின்னதான ஏ.சி. மாட்டினாலும் இதே கதிதான்.

26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் உடலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஃபேனின் 30 வாட்டுக்கு எதிராக மிச்சமாவது கம்ப்ரசரின் நூற்றுக்கணக்கான வாட். ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். காற்று குறைந்து காயிலில் ஐஸ் பிடிக்கும், ஏ.சி. ஓடும், அறை குளிராது. சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும்.

ஸ்டோரேஜ் கீசரா, இன்ஸ்டன்டா?

இங்கே 3000 வாட் என்ற எண் பலரை மிரட்டுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த 0.44 யூனிட் வேண்டும். 1500 வாட் ராடில் 17 நிமிடம், 2000 வாட் ஸ்டோரேஜில் 13 நிமிடம், 3000 வாட் இன்ஸ்டன்டில் 9 நிமிடம். மூன்றிலும் தண்ணீருக்குள் போகும் யூனிட் ஒன்றே. வாட் கூடினால் நேரம் குறையும்.

வித்தியாசம் வேறு இடத்தில். ஸ்டோரேஜ் டேங்க் சூட்டைக் கசியவிடும். நாள் முழுக்கச் சுவிட்சைப் போட்டே வைத்தால், அந்தக் கசிவை ஈடுகட்ட, சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்ப எலிமெண்டைப் போடும். "ஆறிய தண்ணீரை மறுபடி சூடாக்கத்தான் அதிகம் ஆகும்" என்பது ஏ.சி. விஷயத்தில் பார்த்த அதே தப்பு. இன்ஸ்டன்டில் இந்தக் கசிவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் தண்ணீர் மெல்லத்தான் வரும். 3000 வாட்டால் நிமிடத்துக்கு 1.7 லிட்டரைத்தான் 25 டிகிரி உயர்த்த முடியும். ஷவரில் குளிப்பவர்களுக்கு அது போதாது. பாத்திரம் கழுவவும் கை கழுவவும் இன்ஸ்டன்ட், குளிக்க ஸ்டோரேஜைக் கால் மணி நேரம் முன் போட்டு அணைப்பது: இதுதான் சரியான பிரிப்பு.

கீசரை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். அரை இஞ்ச் பைப் 10 மீட்டர் ஓடினால் அதற்குள் சுமார் ஒன்றரை லிட்டர் வெந்நீர் தேங்கி ஒவ்வொரு முறையும் வீணாக ஆறும். உப்புப் படிந்த எலிமெண்ட் அதிகக் கரண்ட் தின்னும் என்பார்களே, அதுவும் சரியில்லை. தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிய எலிமெண்டின் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். ஆனால் உப்புத் தோலுக்குள் எலிமெண்ட் அளவுக்கு மீறிக் கொதித்து எரிந்துபோகும். சுத்தம் செய்வது அதைக் காப்பாற்றத்தான்.

யூனிட் குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டை 40-க்கு இறக்கி, டேங்க்கில் நாள்கணக்காகத் தண்ணீரைத் தேக்க வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். 60-ல் சூடாக்கி, அணைத்து, பயன்படுத்துங்கள்.

ஃபிரிட்ஜும் டியூப் லைட்டும்

இரவில் ஃபிரிட்ஜை அணைப்பவர்கள் உண்டு. உள்ளே ஏறிய சூட்டைக் காலையில் கம்ப்ரசர் வெளியேற்றியே ஆக வேண்டும். மிச்சம் அற்பம், உணவு கெடும் ஆபத்து பெரிது. அதற்குப் பதில் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் காஸ்கெட் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். டியூப் லைட்டை அடிக்கடி போட்டு அணைத்தால் பழைய குழலின் ஆயுள் குறையும், கரண்ட் கூடாது. எல்.இ.டி.க்கு அந்தக் கவலையும் இல்லை.

"பவர் சேவர்" பெட்டி

பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கிறார்களே, அதற்குள் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர்தான். செய்து காட்டும்போது ஆம்ப் மீட்டரில் கரண்ட் நிஜமாகவே குறையும். 230 வோல்ட்டில், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் நிஜ வேலைக்குப் போகும் பங்கு) 0.7 உள்ள 500 வாட் மோட்டார் 3.1 ஆம்ப் இழுக்கும். பெட்டியைச் செருகினால் 2.2 ஆம்ப் வரை இறங்கலாம். ஆனால் வாட் அதே 500. வீட்டு யூனிட் மீட்டர் கணக்கிடுவது வாட்டைத்தான், ஆம்ப்பை அல்ல. பவர் ஃபேக்டருக்கும் சேர்த்துப் பணம் கட்டும் தொழிற்சாலைக்குக் கெப்பாசிட்டர் பயன்படும், வீட்டுக்குப் பயன்படாது.

இதை நீங்களே சோதிக்கலாம். மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கின் பக்கத்தில் யூனிட்டுக்கு எத்தனை இம்பல்ஸ் (சிமிட்டல்) என்று அச்சடித்திருக்கும். 3200 என்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி 18.75 ஆல் பெருக்குங்கள். அதுதான் அப்போது வீடு இழுக்கும் வாட். மற்றதையெல்லாம் அணைத்து, ஒரு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, பெட்டியைச் செருகி ஒரு முறையும் பிடுங்கி ஒரு முறையும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகத்தான் இருக்கும்.