குஜோ ஹாச்சிமான்: வாய்க்கால் பார்க்கப் போகலாம்

நகோயாவுக்கு அருகே வேலை செய்யும் மகனிடம் போயிருந்தபோது, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைத்துக் கொண்டாடும் ஓபோன் விடுமுறையில் அவன் எங்களைக் கிபு மாகாணத்து மலைகளுக்குள் இருக்கும் குஜோ ஹாச்சிமான் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். யப்பான் வரை வந்து கியோத்தோவைப் பார்க்காமல் பெயர் தெரியாத ஓர் ஆற்றங்கரைக்கு ஏன் போக வேண்டும் என்று முணுமுணுத்தவன் நான்தான். இலங்கையின் காரைதீவில் முப்பது போகத்துக்கு மேல் வயல் செய்தவனுக்குத் தண்ணீரும் வாய்க்காலும் புதினமா என்று நினைத்திருந்தேன்.

நகோயாவிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். நாங்கள் மினோ ஓத்தாவில் மாறி, நாகரகாவா ரயில்வேயின் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியில் போனோம். நேரம் கூடுதலாக எடுத்தாலும், நாகரா ஆறு ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாகக் கூடவே வருவதால் அந்தப் பயணம் அலுக்கவில்லை. நிலையத்திலிருந்து பழைய ஊருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும் என்பதால், பெரிய பெட்டிகளைக் கொண்டு போகாதீர்கள்.

தங்கிய விடுதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. மாலை ஆறரைக்குப் பிறகு இரவுச் சாப்பாடு கிடையாது என்பதைப் பதிவு செய்தபோது சொல்லாமல், ஏழு மணிக்கு நாங்கள் வாசலில் நின்ற பிறகுதான் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு எவ்வளவு பணிவாக இருந்தாலும் வயிறு நிரம்பாது. மறுநாள் மனைவிக்கு மரக்கறிச் சாப்பாடு கேட்டபோது, சாறு முழுவதும் மீன் கருவாட்டில் எடுத்ததாகவே இருந்தது. விரதகாரர்கள் சோற்றையும் பழத்தையும் நம்பியே போக வேண்டும். மீன் சாப்பிடுபவர்கள், உப்புப் பூசி, நீந்துவது போல வளைத்து ஈர்க்கில் கோத்துச் சுடும் ஆயு என்ற ஆற்றுமீனை விடக் கூடாது. குடலையும் எடுக்காமல் சுடுவதால் ஒரு கைப்பு வரும். இரண்டாவது மீனில் அந்தக் கைப்பே பிடித்துவிட்டது.

ஆனால் இந்த ஊருக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பது அதன் தண்ணீருக்காகத்தான். 1652இல் ஊர் எரிந்த பின், மறுபடி எரியாமல் காக்கவென்று தெருக்களின் ஓரமாக வாய்க்கால்கள் வெட்டினார்கள். 1919இலும் ஒரு பெருந்தீ வடக்குப் பகுதியை அழித்தது. அந்த வாய்க்கால்களோ இன்றும் வீட்டு வாசல்களைத் தொட்டபடி ஓடுகின்றன. காலையில் ஒரு மூதாட்டி வாசலில் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்து, வாய்க்காலின் இரு சுவரிலும் வெட்டியிருந்த பள்ளத்தில் இறக்கினார். தண்ணீர் பலகைக்குப் பின்னால் மெல்ல ஏறி, முழங்கை அளவுக்கு வந்ததும் அதில் பூச்சட்டிகளை நனைத்தார். பிறகு பலகையைத் தூக்கிப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தார். தீப்பிடித்தாலும் இதே பலகையைத்தான் இறக்குவார்களாம். வயலுக்குத் தண்ணீர் விடும் வக்கடையை வெட்டவும் அடைக்கவும், நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையின் வாயைப் பார்த்து, அதற்காக அண்ணன் தம்பியோடு சண்டையும் போட்ட எனக்கு, அந்தப் பலகையைக் கட்டிவைக்கப் பூட்டோ சங்கிலியோ இல்லை என்பதுதான் கண்ணில் பட்டது.

வீட்டோரங்களில் மிசுபுனே எனப்படும் தொட்டிகள் படிபடியாக இருக்கின்றன. ஊற்றுநீர் விழும் மேல்தொட்டி குடிக்கவும் உணவுப்பொருள் கழுவவும் உரியது. கீழ்த்தொட்டியில் பாத்திரம் கழுவுவார்கள். அதிலிருந்து வழியும் சோற்றுப் பருக்கையை அடியிலுள்ள குளத்து மீன்கள் தின்றுவிட, மிச்ச நீர் ஆற்றுக்குப் போகிறது. ஊரின் பெயர்பெற்ற ஊற்றான சோகிசுயியிலும் இதே ஒழுங்குதான். 1471 அளவில் கவிதைப் பாடம் கேட்க வந்த சோகி என்ற புலவரின் பெயரைத் தாங்கும் அந்த ஊற்று, 1985இல் யப்பானின் நூறு சிறந்த நீர்நிலைகளில் ஒன்றாகத் தெரிவானது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே உவர் கிணறுகளோடு வாழ்பவன் என்பதால், நான் மூன்று முறை அள்ளிக் குடித்தேன்.

மலைமேல் உள்ள கோட்டை 1933இல் மரத்தால் மீளக் கட்டியது. ஏற்றம் கடினம், மேலிருந்து ஊர் ஒரு மீன் வடிவில் தெரியும் என்றார்கள், எனக்குக் கூரைகள்தான் தெரிந்தன. மெழுகில் உணவு மாதிரி செய்யும் பட்டறை அதைவிட மேல். உணவகக் கண்ணாடிகளில் வைக்கும் அந்தப் போலி உணவுகளை ஒரு தொழிலாக வளர்த்த இவாசாக்கி தாக்கிசோ இந்த ஊரில் பிறந்தவர். வெதுவெதுப்பான நீரில் பச்சை மெழுகை ஊற்றி, நுனியைப் பிடித்து இழுத்தால் அது சுருங்கிச் சலாது இலையாகிறது. என் பேத்தி அதைக் கடித்தே பார்த்துவிட்டாள்.

ஓகஸ்ட் 13 முதல் 16 வரை இரவிரவாகக் குஜோ ஓதோரி ஆட்டம் நடக்கிறது. 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. வடமோடிக் கூத்து விடியும்வரை நடக்கும்போது களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருந்து பழகிய நான், இருக்க இடம் தேடினேன். இங்கே ஒருவரும் உட்கார்ந்து இருப்பதில்லை. பாடகர்கள் ஏறிய தேரைச் சுற்றி, உள்ளூர்க்காரரும் வந்தவரும் ஒரே வட்டத்தில், மரச்செருப்புகளைத் தரையில் தட்டி ஆடுகிறார்கள். "முன்னால் போறவரின் கையைப் பாருங்கோ அப்பா, காலைப் பார்க்க வேண்டாம்" என்றான் மகன். கவாசாக்கி என்ற மெதுவான பாட்டு அரை மணி நேரத்தில் பிடிபட்டது. ஹாருகோமா என்ற வேகமான பாட்டுக்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்த நான்கு இரவுகளில் அறை கிடைப்பது மிகக் கடினம், ஆகையால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். இரவுச் சாப்பாடு எத்தனை மணிவரை என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.