கடையில் தீர்ந்துபோன லிமிடெட் எடிஷன் ஐஸ்க்ரீமும் ஃப்ரோசன் உணவும் தனியாட்களிடம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கடைகளில் தீர்ந்துபோன லிமிடெட் எடிஷன் ஐஸ்க்ரீம், ஃப்ரோசன் சிக்கன் போன்றவற்றை "எங்களிடம் மட்டும் ஸ்டாக் இருக்கிறது" என்று தனியாட்கள் விற்கிறார்கள் அல்லவா, அவர்களிடம் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிப்ஸ், சாக்லேட் பற்றி நான் பேசவில்லை. அவற்றில் ஏமாந்தால் பணம் போகும், அதோடு சரி. ஃப்ரீசரில் வைத்தே ஆகவேண்டிய பொருளில் ஏமாந்தால் உடம்பையே படுத்திவிடும். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பெட்டியைத் திறந்ததுமே என் தங்கைக்குச் சந்தேகம் வந்துவிட்டதுதான் காரணம்.

ஒரு பெரிய நிறுவனம் ஒரே ஒரு சீசனுக்கு என்று சொல்லி இரண்டு பொருள்களை இறக்கியது. ஒன்று, புதுச் சுவையில் ஐஸ்க்ரீம். இன்னொன்று, உள்ளே சீஸ் வைத்து மேலே பிரெட் தூள் பூசிய சிக்கன். விளம்பரம் வந்ததிலிருந்து தங்கையின் பிள்ளைகளுக்கு அதே பேச்சு. கடைக்குப் போனால் அலமாரி காலி. அப்போதுதான் இந்த விற்பனையாளரின் பக்கம் கண்ணில் பட்டது. நிறுவனத்தின் விளம்பரப் படங்களையே எடுத்துப் போட்டு, "கடைசி சில பெட்டிகள், முந்துபவர்களுக்கே" என்று எழுதியிருந்தார். விலை கடை விலையைவிடப் பல மடங்கு. கார்டு வாங்க மாட்டாராம், முழுப் பணத்தையும் முன்கூட்டியே நேரடியாக அனுப்ப வேண்டுமாம். எப்படி அனுப்புவீர்கள் என்று தங்கை கேட்டதற்கு, "ட்ரை ஐஸ் போட்டுத்தான் அனுப்புவோம் மேடம், கல்லு மாதிரி வந்து சேரும்" என்று உடனே பதில் வந்தது.

பார்சல் வந்தது. தெர்மோகோல் பெட்டிக்குள் பாதி இளகிய ஜெல் பை ஒன்று கிடந்தது. ட்ரை ஐஸ் ஆவியாகிவிட்டது என்று பிறகு சொன்னார். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு, அது தண்ணீராக உருகாது, நேராக வாயுவாகிப் போய்விடும் என்பது உண்மைதான். அதனால் போட்டாரா இல்லையா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பெட்டிக்குள் இருந்த பொருள்கள் வேறு கதை சொல்லின.

சிக்கன் அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் நெளிநெளியாக இருந்தது. எப்போதோ நனைந்து, பிறகு காய்ந்த அட்டை அப்படித்தான் ஆகும். அன்றைக்கு நனைந்திருந்தால் ஈரம் இருந்திருக்கும், ஈரம் இல்லை. உள்ளே இருந்த பையைத் தூக்கினால் சத்தமே இல்லை. இந்த மாதிரித் துண்டுகளைத் தொழிற்சாலையில் தனித்தனியாக உறையவைத்துத்தான் பையில் போடுகிறார்கள். குலுக்கினால் கடகடவென்று உருள வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரே கட்டி. அதுவும் பையின் ஒரு மூலையில், எங்கேயோ சாய்ந்து கிடந்த வாக்கிலேயே உறைந்திருந்தது. பிரெட் தூள் பாதி உரிந்து பையோடு ஒட்டியிருந்தது. பைக்குள் பெரிய பெரிய ஐஸ் படிகங்கள். அவற்றில் சில இளஞ்சிவப்பாக இருந்தன. கோழியிலிருந்து கசிந்த நீர் வெளியே வந்து மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐஸ்க்ரீம் டப்பாவின் மூடியைத் திறந்தால் மேலே இரண்டு விரல் அளவு காலி. மூடியின் உள்பக்கம் சிரப் வழிந்து காய்ந்த கோடு. ஐஸ்க்ரீமின் அளவில் ஏறக்குறைய பாதி வரைக்கும் காற்றாக இருக்கலாம், அதை அடித்துச் சேர்ப்பதால்தான் அது மென்மையாக இருக்கிறது. ஒருமுறை உருகினால் அந்தக் காற்று வெளியேறிவிடும், திரும்ப உறையவைத்தாலும் பழைய அளவுக்கு வராது. கரண்டியால் சுரண்டிப் பார்த்தபோது மணல் மணலாக வந்தது. தொழிற்சாலையில் மிக வேகமாகக் குளிர வைப்பதால் படிகங்கள் நாக்குக்கே தெரியாத அளவு சின்னதாக இருக்கும். வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது அவை பெரிதாக வளரும். அந்த நறநறப்பு அதனால்தான்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது ஸ்டிக்கரைப் பார்த்துத்தான். சிக்கன் பெட்டியில் எக்ஸ்பைரி தேதி இருக்கும் இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் ஒரு தேதி அச்சிட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் கீழே நிறுவனம் அச்சிட்ட தேதியைக் கரைப்பான் போட்டுத் துடைத்திருக்கிறார்கள், பேட்ச் நம்பரின் கடைசி எழுத்துகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. வேறு நாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறவர்கள் மொழிபெயர்ப்புக்காக ஸ்டிக்கர் ஒட்டுவது சாதாரண விஷயம், அதைத் தப்பு சொல்லவில்லை. அசல் தேதியின் மேலேயே ஒட்டினால் அதற்கு வேறு நோக்கம்தான் இருக்க முடியும்.

ஐஸ்க்ரீம் டப்பாவில் இதே போன்ற ஸ்டிக்கர் சேர்மானப் பட்டியலின் பாதியை மூடியிருந்தது. தங்கையின் மூத்த பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அந்த நிறுவனத்தின் வழக்கமான ஐஸ்க்ரீமை அவன் சாப்பிடுவான், அதில் கடலை கிடையாது. புதுச் சுவையில் இருந்தது. மூடப்பட்டிருந்த பாதியில்தான் அது எழுதியிருந்தது. இதை அலர்ஜி உள்ள பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பழகிய பிராண்டாக இருந்தாலும் லிமிடெட் எடிஷன் என்பது வேறு பொருள். வேறு சேர்மானம், பல நேரங்களில் வேறு தொழிற்சாலை, வேறு இயந்திரம். "இதைத்தானே எப்போதும் சாப்பிடுகிறான்" என்று கொடுத்துவிட முடியாது. லேபிளைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். படிக்க முடியாதபடி மூடியிருந்தால் அந்தப் பொருளைத் தொடவே வேண்டாம்.

படங்கள் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினோம். முதலில் "வழியில் கொஞ்சம் இளகியிருக்கும், ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் மேடம்" என்றார். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும் தொனியே மாறிவிட்டது. "லிமிடெட் எடிஷனுக்கு ரிட்டர்ன், ரீஃபண்ட் கிடையாது. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது." தங்கை விடாமல் கேட்டாள். அப்புறம் எங்களை பிளாக் செய்துவிட்டார். அவருடைய பக்கத்தில் நாங்கள் போட்ட கருத்துகளும் காணாமல் போயின. அங்கே எல்லாமே பாராட்டாக இருந்ததன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

தயாரித்த நிறுவனத்தின் கஸ்டமர் கேரிலும் பேசினோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். பேட்ச் நம்பர் கேட்டார்கள், அதைத்தான் அழித்துவிட்டார்களே. தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் இல்லை, எனவே பொருள் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதற்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கசப்பாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. பணம் அனுப்பிய இடத்தில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய தொகை, எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். அந்த ஆள் கார்டு வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம். கார்டில் கட்டியிருந்தால் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும்.

"வேகவைத்தால் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சைப் பலர் நம்புகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். உறையவைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை, பெரும்பாலும் நிறுத்தி மட்டுமே வைக்கிறது. அதனால்தான் சர்வதேச உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், உறைபொருள்களை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே வைக்கச் சொல்கிறது. வெளியில் இளகிக் கிடக்கும்போது கிருமிகள் மறுபடி பெருக ஆரம்பிக்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தைத்தான் அமெரிக்க வேளாண் துறை ஆபத்து மண்டலம் என்கிறது, அந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவை எறிந்துவிடச் சொல்கிறது. சமைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியா உணவுக்குள் விட்டுவைக்கும் நச்சு சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. எவ்வளவு வேகவைத்தாலும் வாந்தியும் பேதியும் வரலாம். ஐஸ்க்ரீமை வேகவைக்கவும் போவதில்லை. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரும், ஃப்ரீசரில் சாகாமல் காத்திருக்கும். அமெரிக்காவில் லிஸ்டீரியா கலந்த ஐஸ்க்ரீமால் 3 பேர் இறந்தது 2015இல் தெரியவந்தது. அங்கே கிருமி தொழிற்சாலையிலேயே கலந்தது, எங்கள் விஷயம் வேறு. உறைந்திருப்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரெட் தூள் பூசிய சிக்கனில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல்பூச்சு நிற்பதற்காக லேசாகப் பொரித்துத்தான் உறையவைக்கிறார்கள், அதனால் பார்ப்பதற்கு வெந்தது போலவே பொன்னிறமாக இருக்கும். உள்ளே கோழி பச்சையாகவே இருக்கலாம். நடுப்பகுதி 74 டிகிரி தொட்டால்தான் வெந்ததாகக் கணக்கு. அதற்குள் சீஸ் இருந்தால் சூடு உள்ளே போவதற்கு இன்னும் நேரமாகும். இப்படிப்பட்ட பொருள் ஒருமுறை இளகி, கோழி நீர் எல்லாத் துண்டுகள் மேலும் பரவி, ஒரே கட்டியாக உறைந்து வந்தால், அதை வெளியே கருகாமல் உள்ளே சரியாக வேகவைப்பது நடக்காத காரியம்.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், இப்போது விட்டால் கிடைக்காதே என்றுதான் எல்லோரும் இந்த ஆட்களிடம் போகிறார்கள். ஆனால் "இனி வராது" என்று சொன்னவை எத்தனையோ திரும்ப வந்திருக்கின்றன. மெக்டொனால்ட்ஸ் 1981இல் கொண்டுவந்த மெக்ரிப் என்ற சாண்ட்விச்சுக்கு 2005இல் பிரியாவிடைச் சுற்று என்றே பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள், அதற்குப் பிறகும் அது பலமுறை வந்துவிட்டது. அவர்களுடைய செஸ்வான் சாஸ் 1998இல் வந்து மறைந்தது. 2017 அக்டோபரில் ஒரே நாளுக்கு என்று திரும்ப வந்தபோது கடைக்குச் சில பாக்கெட்டுகள்தான் போயின, வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், இணையத்தில் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் கொள்ளை விலைக்குப் போயின. அடுத்த பிப்ரவரியிலேயே 2 கோடி பாக்கெட் இறக்கிவிட்டார்கள். கொள்ளை விலை கொடுத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் அது சாஸ், ஃப்ரீசர் தேவையில்லாத பொருள்.

தனியாளிடம் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்களுக்கு: பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பையைக் குலுக்கிப் பாருங்கள், ஐஸ்க்ரீம் டப்பாவின் உள்மூடியைப் பாருங்கள், அட்டையின் அடியைத் தடவிப் பாருங்கள், தேதியின் மேல் ஸ்டிக்கர் இருந்தால் பிரித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நோய் உண்டாக்கும் கிருமி பலவற்றுக்கு நாற்றமும் கிடையாது, சுவை மாற்றமும் கிடையாது. பொருளை எறிந்தாலும் பெட்டி, லேபிள், ஸ்டிக்கர், பணம் அனுப்பிய ரசீது, விற்பனையாளரின் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் நாங்கள் புகார் கொடுத்தபோது முதலில் கேட்டது அந்த அட்டைப்பெட்டியைத்தான். தேதியை அழித்திருப்பதைப் பார்த்த பிறகுதான் புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள்.

விசாரணை இன்னும் நடக்கிறது, பணம் வரவில்லை. அந்தப் பக்கம் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதே விளம்பரப் படங்கள், அதே "கடைசி சில பெட்டிகள்" வாசகத்தோடு வேறு பெயரில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அங்கே வேறொரு சீசன் ஐஸ்க்ரீம் விற்பனைக்கு இருக்கிறது. அவரிடமோ அவரைப் போன்றவர்களிடமோ இதே மாதிரிப் பொருள் வாங்கியவர்கள் இருந்தால், நீங்களும் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.